இரண்டு தேவாலயத் தூரம்

இப்போதெல்லாம் ஒரு பாட்டைக் கணினிக்குள் போட்டுவிட்டு ஒரு தேநீர் குடித்து வருவதற்குள், அது குரலை வேறாக, கிற்றாரை வேறாக, மேளத்தை வேறாகப் பிரித்துத் தந்துவிடுகிறது. ஸ்ரூடியோவில் எனக்குப் பிரியாவிடை வைத்த அன்று இளையவர்கள் அதைச் செய்து காட்டினார்கள். வாய் பிளந்துதான் பார்த்தேன், பொய் சொல்வானேன். பிறகு ஒருத்தி கேட்டாள்: இனி எந்தப் பழைய றொக் இசைத்தட்டையும் நாலா பக்கமிருந்தும் கேட்கிற சூழொலிக்கு மாற்றலாம், உங்களுக்கு எது வேண்டும்? எனக்கு ஒன்றும் வேண்டாம், நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். கேக் வெட்டுகிற நேரத்தில் சொல்லி முடிகிற கதையா அது? அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்கு வந்து, மொழி படித்து, வானொலி திருத்துகிற வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியையும் முடித்து, ஹம்பேர்க்கில் ஓர் ஒலிப்பதிவு ஸ்ரூடியோவில், பழைய ஒலிநாடாக்களைக் கவனிக்கும் நாடா அறையில் சேர்ந்தேன். இந்த ஒரு வரிக்குள் எவ்வளவு பனியும் எவ்வளவு அழுகையும் இருக்கின்றன என்று வந்தவர்களுக்குத் தெரியும். அதை விடுவோம். றொக் இசை எனக்கு முதலில் வெறும் இரைச்சல். என் கணவர் சிவத்துக்கு அது இன்றுவரை இரைச்சல்தான்.

நாடா அறையை ஆண்டவர் ஹெல்கா. உயரமான, ஒல்லியான பெண்மணி. எத்தனையோ வருடம் ஒன்றாக வேலை செய்தும் என்னை ஒருநாளும் ஒருமையில் அழைத்ததில்லை. பழைய நாடாவைத் தொடுவதற்கு முன் கை கழுவ வேண்டும், கைக்கடிகாரம், மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வாசலில் இருக்கும் கிண்ணத்தில் போட வேண்டும் என்பது அவர் சட்டம். முதல் நாள் நான் எல்லாம் போட்ட பிறகும் என் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பேசியது ஜேர்மன்தான். ஆனால் என் நினைவில் அவர்கள் எல்லோரும் எங்கள் பேச்சில்தான் பேசுகிறார்கள், அப்படியே எழுதுகிறேன்.

"அதையும் போடுங்கோ."

"இது தாலி. கழட்ட ஏலாது."

ஹெல்கா கொஞ்சம் யோசித்தார். உள்ளே போய், கழுத்துவரை பொத்தான் பூட்டுகிற பருத்தி மேலங்கி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். "அப்ப அது உள்ளுக்கை இருக்கட்டும். நாடாவுக்கு மேலை ஆடக் கூடாது." ஓய்வு பெறும் நாள்வரை அந்த மாதிரி மேலங்கிதான் எனக்குச் சீருடை.

அவருக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. ஒரு பாட்டு ஓடி முடிந்ததும் அறையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஹெல்கா அசையாமல் இருப்பார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். அதன் பிறகுதான் பேச்சு. பெரிய பெரிய பாடகர்கள்கூட அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடி பள்ளிக்கூடப் பிள்ளைகளாகக் காத்திருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாயிரம் ஆண்டு பிறந்த பிறகுதான் எங்களுக்குச் சூழொலி வேலை வரத் தொடங்கியது. முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, நடுவில் கேட்பவர். எழுபதுகளில் பதிவு செய்த றொக் பாட்டுகளின் மூல நாடாக்களில் பதினாறு தடங்கள் இருக்கும். ஒன்றில் குரல், ஒன்றில் கிற்றார், சிலவற்றில் மேளம் என்று எல்லாம் தனித்தனி. அவற்றை எடுத்துக் கேட்பவரைச் சுற்றிப் புதிதாக அடுக்க வேண்டும். முதல் தடவை அப்படி அடுக்கிய பாட்டின் நடுவே ஹெல்கா என்னை இருத்தினார். வருடக்கணக்காகக் கேட்டுப் புளித்த பாட்டுத்தான் அது. ஆனால் மேளக்காரன் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தான். இரண்டு கிற்றார்களும் ஒன்றோடொன்று கதைப்பது என் தலைக்கு மேலால் போனது. இவ்வளவு நாளும் ஒரு வீட்டைப் படத்தில் பார்த்துவிட்டு, இப்போதுதான் வாசல்படி ஏறி உள்ளே போனமாதிரி இருந்தது.

ரசிகர்களுக்கும் அதே பித்துத்தான். இந்த இசைத்தட்டைச் சூழொலியில் போடுங்கள், அந்த இசைத்தட்டை ஏன் இன்னும் விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று இணைய மன்றங்களில் சண்டை பிடிப்பார்கள். கிற்றார் அறையைச் சுற்றிச் சுற்றிப் பறக்க வேண்டும் என்று எழுதுவார்கள். ஹெல்காவுக்கு அது பிடிக்காது. "நாங்கள் ராட்டினம் ஓட்டேல்லை. பின்னாலை நிண்டவன் மட்டும்தான் பின்னாலை நிக்கலாம்," என்பார்.

அந்த ஆசைப் பட்டியல்களில் எப்போதும் மேலே நின்றது வட ஜேர்மனிக் குழு ஒன்றின் இசைத்தட்டு. குழுவின் பெயரைச் சொல்ல நான் அனுமதி கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. அதன் கடைசிப் பாட்டு ஒரு பக்கம் முழுவதும் ஓடும். அதை மட்டும் ஒரு கிராமத்துத் தேவாலயத்தில், சுவரளவு உயரக் குழாய்கள் கொண்ட பழைய ஓர்கனோடு பதிவு செய்திருந்தார்கள். ஓர்கன் வாசித்தவர் மார்ட்டன்ஸ். பாடியவர் அவருடைய தங்கை ஆன்கே. ஆன்கே நோயில் இறந்து பல வருடம். குழுவில் மற்றவர்கள் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். மார்ட்டன்ஸ் மட்டும், இசைத்தட்டுக் கம்பனி கேட்ட ஒவ்வொரு முறையும் மாட்டேன் என்றுவிட்டார்.

கடைசியில் அவரைச் சம்மதிக்கவைக்கும் பொறுப்பைக் கம்பனி எங்கள் தலையில் கட்டியது. ஹெல்காவும் நானும் படகில் எல்பே ஆற்றைக் கடந்து, அப்பிள் தோட்டங்களுக்கு நடுவால் பஸ்ஸில் போனோம். மரங்களெல்லாம் பூத்திருந்தன. மார்ட்டன்ஸ் அதே ஊரில், அதே தேவாலயத்தில் இன்னும் ஓர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். பெரிய கைகள், முழங்கை தேய்ந்த கம்பளிச் சட்டை. அப்பிள் கேக் வெட்டி வைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினார்.

"அந்த றெக்கோட்டை நான் ஒருக்கால்தான் கேட்டனான். அதிலை ஆன்கே என்ரை மூக்குக்கு முன்னாலை நிண்டு பாடுறா. அவ ஒருநாளும் எனக்கு முன்னாலை நிண்டதில்லை."

பிறகு எங்களைத் தேவாலயத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். ஓர்கன் வாசலுக்கு மேலே, மாடத்தில் இருந்தது. வாசிப்பவர் குழாய்களைப் பார்த்து, மொத்தத் தேவாலயத்துக்கும் முதுகு காட்டித்தான் இருக்க வேண்டும். ஆன்கே நின்றது மறுகோடியில், கீழே, பலிபீடத்துக்குப் பக்கத்தில். சிறு வயதிலிருந்தே இருவரும் அப்படித்தான் பாடிப் பழகியிருக்கிறார்கள். ஓர்கனில் பொருத்தியிருந்த சிறிய கண்ணாடியில் அவருக்குத் தங்கை விரல் நகமளவு தெரிவாராம். ஒலிப்பதிவுக்கு வந்தவர்கள் காதில் மாட்டக் கருவி கொடுத்தபோது ஆன்கே அதை வாங்கிப் பக்கத்திலே வைத்துவிட்டு, அண்ணன் வாசிப்பதை நேராகக் கேட்டே பாடியிருக்கிறார்.

"நான் இருந்த இடத்திலை என்னை இருத்திக் கேக்கப் பண்ணுங்கோ. பாட்டு முடியிற இடத்திலை ஒண்டு இருக்கு. றெக்கோட்டிலை அது இல்லை. உங்கடை நாடாவிலை அது இருந்தால் கையெழுத்து வைக்கிறன். இல்லாட்டில் அது கிடந்த இடத்திலையே கிடக்கட்டும்."

"என்ன இருக்கு?" ஹெல்கா கேட்டார்.

"சொன்னால் நீங்கள் அதைச் செய்து கொண்டு வருவியள். எனக்குச் செய்தது வேண்டாம்."

ஹெல்காவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது என்று அவர் முகத்தில் தெரிந்தது. நாங்கள் புறப்படும்போது மார்ட்டன்ஸ் வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். "கெதியாச் செய்யுங்கோ. எனக்கு மேல் சுரங்கள் இப்பவே கேக்கிறதில்லை. குருவிச் சத்தம் இல்லாமல் போச்சு. ஆன்கேக்குக் கீழ்க்குரல், அது இன்னும் கேக்குது. எவ்வளவு காலத்துக்கு எண்டு டொக்டருக்கும் தெரியாதாம்."

நாடாக்கள் வந்து சேர்ந்தன. அந்தக் காலத்து நாடாக்களில் ஒரு வியாதி உண்டு. ஒலியைத் தாங்கும் மண்ணிறப் பூச்சை நாடாவோடு பிடித்துவைத்திருக்கும் பசை, காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்துப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் பூச்சு கழன்று இயந்திரத்தில் அப்பிக்கொள்ளும், பாட்டு என்றைக்குமாகப் போய்விடும். வைத்தியம், மெல்லிய சூட்டில் நாடாவை நீண்ட நேரம் உலர்த்துவது. அதற்கென்றே எங்களிடம் ஆய்வுகூட அடுப்பு ஒன்று இருந்தது. "என்னப்பா, பனங்கிழங்கைக் கிழிச்சு ஒடியலுக்குக் காய விடுறமாதிரி நாடாவுக்கும் வெயில் காட்டுறியளோ?" என்று சிவம் கேலி பண்ணுவார். உலர்ந்த நாடா கொஞ்ச நாளைக்குத் தாக்குப் பிடிக்கும், அதற்குள் ஓட்டிக் கணினிக்குள் எடுத்துவிட வேண்டும்.

மற்றச் சுருள்கள் பிழைத்துக்கொண்டன. தேவாலயப் பாட்டு இருந்த கடைசிச் சுருள்தான் மோசம். ஈரச் சுவரோடு சாய்ந்து கிடந்திருக்க வேண்டும். உலர்த்திய பிறகும் விளிம்பில் பூச்சு பொருக்குப் பொருக்காக எழும்பியிருந்தது. ஹெல்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது ஒருக்கால்தான் ஓடும், ரெண்டாந்தரம் ஓடாது," என்றார்.

இயந்திரத்தில் நாடாவைப் படிக்கும் ஒலித்தலைகளை நான் மதுசாரத்தில் துடைத்தேன். ஹெல்கா தன் கையாலேயே நாடாவைக் கோத்தார். தொடக்கத்தில் ஒரு சோதனை ஒலி பதிந்திருக்கும், கீச்சென்று. அது மிகத் தெளிவாகக் கேட்கும்வரை சின்னத் திருகாணியைத் திருப்பி ஒலித்தலையின் சாய்வைச் சரிசெய்ய வேண்டும். அதற்குக்கூட நாடாவைத் திருப்பி ஓட்டத் துணிவில்லாமல், ஓடுகிற ஓட்டத்திலேயே திருகினார். நான் திரையில் பதினாறு தடங்களும் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி தாண்டியதும் நாடா கிறீச்சிடத் தொடங்கியது. நிறுத்தினால் ஒட்டிக்கொள்ளும். ஹெல்கா ஒரு மெல்லிய துணியை எடுத்து, ஓடுகிற நாடாவின்மேல் ஒலித்தலைக்குச் சற்று முன்னால் பிடித்தார். அழுத்தினால் நாடா தயங்கும், விட்டால் அழுக்கு அப்பும். பாட்டு முடியும்வரை அவர் விரல் அசையவில்லை. மூச்சு விட்டாரா என்றும் எனக்குத் தெரியாது. எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால் துணி முழுக்க மண்ணிறம், நாடா சில இடங்களில் கண்ணாடி போலத் தெரிந்தது. கடவுளே, வந்துவிட்டது என்று நான் தமிழில் சத்தமாகச் சொன்னேன். ஹெல்காவுக்கு விளங்கியிருக்கும்.

பிறகு குரல் தடத்தை மட்டும் தனியே திறந்தோம். அதை எப்படிச் சொல்வது? முப்பது வருடத்துக்கு முந்திய தேவாலயத்தின் காற்று முதலில் வந்தது. கல் தரையில் செருப்பு உரசியது. எங்கோ தூரத்தில் அண்ணனின் ஓர்கன். பிறகு, பக்கத்தில் நிற்பதுபோல ஒரு பெண் மூச்சை இழுத்துப் பாடத் தொடங்கினாள். தாழ்ந்த, அவசரமில்லாத குரல். இறந்துபோன ஒருத்தியின் மூச்சை இவ்வளவு கிட்டத்தில் கேட்க எனக்கு உரிமை உண்டா என்றுகூட நினைத்தேன். ஹெல்கா கண்ணாடியைக் கழற்ற நெடுநேரம் எடுத்தார்.

பாட்டின் முடிவில் இருப்பதாக மார்ட்டன்ஸ் சொன்னது என்ன என்று தேடினோம். குரல் நின்ற பிறகு நடந்து போகிற காலடிச் சத்தம் இருந்தது, இசைத்தட்டில் முடிவை மங்கவைத்து வெட்டியிருந்ததால் அதில் இல்லாதது. இதுதான் என்று துள்ளினோம். அந்தக் காலடிகளைப் பொன்போலப் பாதுகாத்தோம். மிச்ச வேலையைத் தொழில் முறைப்படி செய்தோம். ஆன்கே தூரத்தில் நின்றதால் ஓர்கன் அவருக்குப் பிந்தித்தான் கேட்டிருக்கிறது, அதனால் பாட்டும் பிந்தியிருந்தது. எந்த ஒலிப்பதிவாளரும் அதை விட்டுவைக்க மாட்டார். கணினியில் குரலை முன்னே நகர்த்தி, ஓர்கனின் தாளத்தோடு மயிரிழை பிசகாமல் பொருத்தினோம். முன்னால் ஓர்கன், பின்னால் குரல். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்ட்டன்ஸ் ஹம்பேர்க்குக்கு வந்தார். நடு நாற்காலியில் இருந்து முழுவதையும் கேட்டார். காலடிச் சத்தம் ஓய்ந்தது. ஹெல்கா கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்ல வேலை," என்றார் மார்ட்டன்ஸ். "ஆனால் ஆன்கே வரேல்லை."

"சத்தம் காணாதோ? கூட்டவோ?" என்று நான் கேட்டேன்.

"சத்தம் காணும். அவதான் வரேல்லை." எழுந்து கம்பளிச் சட்டையை மாட்டத் தொடங்கிவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் நியாயம் பேசியிருப்பார்கள். ஹெல்கா கதவை மறித்து நின்றார். "எங்களுக்கு விளங்கேல்லை. காட்டித் தாங்கோ. நாளைக்கே வாறம்." அந்தப் பெண்மணி யாரிடமும் விளங்கவில்லை என்று சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. மார்ட்டன்ஸ் சட்டையை மாட்டி முடித்தார். பிறகு பஸ் நேரத்தைச் சொன்னார்.

அடுத்த நாள் தேவாலயத்தில் ஹெல்காவைப் பலிபீடத்துக்குப் பக்கத்தில், ஆன்கே நின்ற கல்லில் நிறுத்திவிட்டு, என்னை மேலே, ஓர்கனுக்கு முன்னாலிருந்த நீண்ட மர வாங்கில் தனக்குப் பக்கத்தில் இருத்தினார்.

"ஓர்கன் கேக்கிற உடனை பாடுங்கோ. நிண்ட உடனை நிப்பாட்டுங்கோ," என்று கீழே பார்த்துச் சொன்னார்.

"நான் பாடிறதில்லை!"

"அப்ப ஆ எண்டு சொல்லுங்கோ!"

மார்ட்டன்ஸ் கட்டைகளை அழுத்தினார். வாங்கு அதிர்ந்தது. கொஞ்சம் பொறுத்துத்தான், என் முதுகுக்குப் பின்னால் வெகு தூரத்திலிருந்து, ஹெல்காவின் "ஆ" வந்தது. சுதியும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மார்ட்டன்ஸ் கைகளைச் சட்டென்று எடுத்தார். ஓர்கன் நின்றுவிட்டது. ஹெல்காவின் "ஆ" நிற்கவில்லை. ஒரு கணம், சின்னஞ்சிறிய ஒரு கணம், அது மட்டும் தனியே அந்தப் பெரிய தேவாலயத்தில் நின்றது. பிறகுதான் ஓய்ந்தது. என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"விளங்குதோ?" மார்ட்டன்ஸ் என்னைப் பார்க்காமல் கேட்டார். "நான் வாசிக்கிறது அவவிட்டைப் போய்ச் சேர ஒரு தேவாலயம். அவ பாடிறது என்னட்டை வந்து சேர இன்னொரு தேவாலயம். சின்னனிலை இருந்து எங்களுக்கிடையிலை எப்பவும் ரெண்டு தேவாலயத் தூரம். நான் எப்பவும் அவவுக்கு முன்னாலை போய்க் காத்துக்கொண்டிருப்பன். அவ பின்னாலை வருவா."

நாங்கள் அந்தத் தூரத்தைத்தான் பிழை என்று நினைத்து அழித்திருந்தோம். நாடா ஒரு தேவாலயத் தூரத்தைப் பத்திரமாக வைத்திருந்தது. அதை நாங்களே துடைத்தோம். ஓர்கன் வாங்கில் இருந்து கேட்பதானால் அதையும் திருப்பி வைத்து, இன்னொரு தேவாலயத் தூரத்தையும் சேர்க்க வேண்டும். புதிதாகச் செய்ய எதுவும் இல்லை. தூரத்தை மட்டும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஹெல்காவுக்கும் எனக்கும் நடுவில் அளவுநாடா பிடித்து, வாங்கிலிருந்து பலிபீடம்வரை அளந்துகொண்டு வந்தோம்.

ஸ்ரூடியோவில் நான் குரல் தடத்தைப் பின்னே தள்ளத் தள்ள எனக்கே பயமாக இருந்தது. தொழிலில் இத்தனை வருடம் பழகிய கை அதைச் செய்ய மறுத்தது. "ரசிகர்கள் குரல் பிந்துது, ஸ்ரூடியோ பிழை விட்டிட்டுது எண்டு எழுதப் போகினம்," என்றேன்.

"எழுதட்டும்," என்றார் ஹெல்கா.

மார்ட்டன்ஸ் இரண்டாம் தடவை வந்த அன்று ஹெல்கா நடு நாற்காலியை அகற்றிவிட்டு, சாய்மானம் இல்லாத மரவாங்கு ஒன்றைப் போட்டிருந்தார். முன் ஸ்பீக்கர்களைச் சற்று உயர்த்தியிருந்தோம். மார்ட்டன்ஸ் வாங்கைப் பார்த்தார், அதில் ஏறி இருந்தார். ஹெல்கா பாட்டை ஓடவிட்டார்.

ஓர்கன் எழுந்தது. வாங்கில் இருந்தவரின் கைகள் மெல்ல முழங்காலிலிருந்து உயர்ந்து, காற்றில் வாசிக்கத் தொடங்கின. கால்கள்கூடத் தரையில் இல்லாத கட்டைகளைத் தேடி நகர்ந்தன. பின்னாலிருந்து ஆன்கே பிந்தி வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் அண்ணன் முன்னே போனார், அவள் பின்னே வந்தாள். கணினித் திரையில் பார்த்தால் எல்லாம் கோணல். காதில் ஒரு கோணலும் இல்லை. அந்தச் சிறிய அறையின் பின்சுவர் எங்கோ போய், அங்கே ஒரு முழுத் தேவாலயம் திறந்துகிடந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். இரண்டு பெட்டிகள்தான் நின்றன. வெட்கப்பட்டு மறுபடி முன்னே பார்த்தேன்.

முடிவு வந்தது. மார்ட்டன்ஸ் இரண்டு கைகளையும் எடுத்தார். ஓர்கன் நின்றது.

அதன் பிறகு, பின்னாலிருந்து, அவள் மட்டும். மணிக்கூட்டில் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. அவள் இன்னும் அண்ணன் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவர் நிறுத்திவிட்டது அவளுக்கு இன்னும் தெரியாது. அந்த ஒரு கணம் முழுக்க அவள் குரல் தனியே நின்றது, பிறகு சுவர்களில் மெல்லக் கரைந்தது.

ஹெல்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இனிப் பேசலாம். மார்ட்டன்ஸ் கைகளை இன்னும் காற்றில் வைத்தபடியே இருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வாங்கிலிருந்து அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

"வந்திட்டா," என்றார்.